எந்த சார்ஜ்? இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு சொல்லின் வழிகாட்டி

இங்கே வந்த முதல் வருடத்தில் என்னை அதிகம் அலைக்கழித்த ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், தயங்காமல் 'சார்ஜ்' என்று சொல்வேன். தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டியிருப்பேன். இது சின்ன வயதிலிருந்து வாயில் புழங்கும் சொல். பஸ் சார்ஜ் ஏறிவிட்டது, போனில் சார்ஜ் இல்லை, புது அதிகாரி சார்ஜ் எடுத்துவிட்டார், போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டுவிட்டது, அப்பாவை நாளைக்கு டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். இத்தனையும் தெரிந்த ஒருவன் இதில் தடுமாறுவான் என்று நான் நினைக்கவில்லை.

ஒருநாள் காரின் கண்ணாடியில் ஒரு உறை ஒட்டியிருந்தது. மேலே பி.சி.என். என்று போட்டிருந்தது, வண்டி நிறுத்தியதற்குப் பணம் கேட்கும் நோட்டீஸ் அது. உடன் வேலை செய்தவரிடம் காட்டாமல் வாயால் மட்டும் சொன்னேன். "அது தனியார் கம்பெனி அனுப்புவது, கண்டுக்காதீங்க" என்றார். விட்டுவிட்டேன். அடுத்து வந்த கடிதத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவதாக 'சார்ஜ் சர்ட்டிபிகேட்' என்ற தலைப்பில் ஒன்று வந்தது. சர்ட்டிபிகேட் என்றிருக்கிறதே, விஷயம் முடிந்துவிட்டது போல என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அபராதம் பாதி மடங்கு ஏறிவிட்டது என்பதற்கான காகிதம் அது. முதல் 14 நாளில் பாதித் தொகையான 35 பவுண்டோடு போயிருக்க வேண்டியதை 105 பவுண்டு கட்டி முடித்தேன்.

இந்தச் சொல் உங்கள் கைக்கு எந்தெந்தக் காகிதத்தில் வரும், எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும், எதை மறுக்கலாம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதியிருக்கிறேன். தொகைகள் 2026 தொடக்க நிலவரம். பல தொகைகள் ஏப்ரலில் மாறும், கட்டும் முன் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சில விதிகள் வேறு.

1. முன்னாலும் பின்னாலும் நிற்கும் சொல்லைப் பாருங்கள்

'சார்ஜ்' தனியாக நின்றால் அதற்குப் பொருளே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சொல்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

பின்னால் 'ஃபார்' வந்தால் பணம். கடையில் தரும் பைக்கு சார்ஜ் பண்ணினார்கள், டெலிவரிக்கு சார்ஜ் பண்ணினார்கள் என்பதெல்லாம் அந்த வகை. பின்னால் 'வித்' வந்தால் குற்றச்சாட்டு. 'சார்ஜ்டு வித்' திருட்டு, 'சார்ஜ்டு வித்' தாக்குதல் என்று வந்தால் போலீஸ் முறைப்படி வழக்குப் பதிந்துவிட்டது என்று அர்த்தம். 'டு' வந்தால் எந்தக் கணக்கில், எந்த கார்டில் எழுதப்படுகிறது என்பது. முன்னால் 'இன்' வந்தால் பொறுப்பு. முன்னால் 'ஆன்' வந்தால் பேட்டரி. போனை 'ஆன் சார்ஜ்' போட்டிருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். 'இன் சார்ஜ்' என்று சொன்னால் போன் ஏதோ ஒன்றுக்குப் பொறுப்பில் இருப்பதாகிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'ஐ வாஸ் சார்ஜ்டு டென் பவுண்ட்ஸ்' என்றால் பத்து பவுண்டு வாங்கிவிட்டார்கள் என்று பொருள். தொகையை விட்டுவிட்டு 'ஐ வாஸ் சார்ஜ்டு' என்று நிறுத்தினால் கேட்பவர் போலீஸ் வழக்கு என்றுதான் நினைப்பார். மேலாளருக்கு அவசரமாக ஒரு செய்தி அனுப்பும்போது, 'கார் பார்க்கில் சார்ஜ் பண்ணிவிட்டார்கள், அதனால் தாமதம்' என்று நம் வழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். தொகையையும் எதற்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று, நாம் சார்ஜ் என்று சொல்லும் பல இடங்களில் இங்கே அந்தச் சொல்லே வராது. பஸ் சார்ஜ், ரயில் சார்ஜ் இங்கே 'ஃபேர்'. பள்ளி, வக்கீல், விசா விண்ணப்பம் எல்லாம் 'ஃபீ'. நீதிமன்றம் விதிக்கும் அபராதம் 'ஃபைன்'. போனில் சார்ஜ் தீர்ந்தால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றோ, போன் 'டெட்' என்றோ சொல்வார்கள். குழாய் ரிப்பேர் செய்ய வருபவரிடம் மட்டும் எவ்வளவு 'சார்ஜ்' பண்ணுவீர்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். வந்து பார்ப்பதற்கே 'கால்-அவுட் சார்ஜ்' என்று தனியாக வாங்குபவர்கள் உண்டு.

2. விமானம் ஏறும் முன்பே வரும் சார்ஜ்

விசா விண்ணப்பிக்கும்போது 'இமிகிரேஷன் ஹெல்த் சர்சார்ஜ்' (சுருக்கமாக ஐ.எச்.எஸ்.) என்று ஒரு பெரிய தொகை வரும். விசா கட்டணம் வேறு, இது வேறு. பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 776 பவுண்டு. இதை வருடா வருடம் கட்ட முடியாது. விசா எத்தனை வருடமோ அத்தனைக்கும் மொத்தமாக, விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். மூன்று வருட வேலை விசா என்றால் ஒரு ஆளுக்கு 3,105 பவுண்டு. கணவன் மனைவி இருவர் என்றால் 6,210. வேலை கிடைத்த சந்தோஷத்தில் பலர் விசா கட்டணத்தை மட்டும் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள், கடைசித் திரையில் இந்தத் தொகையைப் பார்த்துத் திகைத்துவிடுவார்கள். முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள், உங்கள் கார்டின் வெளிநாட்டுச் செலவு வரம்பையும் வங்கியில் கேட்டு உயர்த்தி வையுங்கள்.

'ஹெல்த் அண்ட் கேர் ஒர்க்கர்' விசாவில் வருபவர்களுக்கு இந்த சர்சார்ஜ் கிடையாது. விசா மறுக்கப்பட்டாலோ, கேட்டதைவிடக் குறைந்த காலத்துக்குக் கொடுக்கப்பட்டாலோ, அதற்குரிய பணம் கட்டிய கார்டுக்கே திரும்பி வரும். அதனால் அந்தக் கார்டையும் கணக்கையும் உடனே மூடிவிடாதீர்கள். பணம் கட்டியதும் மின்னஞ்சலில் வரும் ஐ.எச்.எஸ். எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.

3. மருந்துக் கடையில் எந்தக் கட்டத்தில் டிக் போடுகிறீர்கள்

மேலே சொன்ன சர்சார்ஜ் கட்டினால் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையின் மருத்துவர், ஆஸ்பத்திரி எல்லாம் இங்கே வசிப்பவர்களுக்குப் போலவே உங்களுக்கும் கிடைக்கும். ஆனால் மருந்துச் சீட்டுக்குப் பணம் உண்டு. இதற்குப் பெயர் 'பிரிஸ்கிரிப்ஷன் சார்ஜ்'. ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. சீட்டில் மூன்று மருந்து இருந்தால் 29.70.

பலர் விழும் பள்ளம் இங்கேதான் இருக்கிறது. சீட்டின் பின்பக்கம் 'நான் கட்டணம் கட்ட வேண்டியதில்லை' என்று சொல்லும் கட்டங்கள் இருக்கும். சர்சார்ஜ் கட்டியாயிற்றே, அதனால் இலவசம்தான் என்று நினைத்து அதில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் மருந்தைக் கொடுத்துவிடுவார். சில மாதம் கழித்து வீட்டுக்கு ஒரு 'பெனால்ட்டி சார்ஜ்' கடிதம் வரும். கட்ட வேண்டிய தொகையின் ஐந்து மடங்கு வரை அபராதம், அதிகபட்சம் 100 பவுண்டு, அதோடு கட்டாமல் விட்ட 9.90 கட்டணமும் சேரும். ஒரே ஒரு மருந்துக்கு 9.90க்குப் பதில் 59.40 ஆகிவிடும். 28 நாளுக்குள் கட்டாவிட்டால் இன்னும் 50 பவுண்டு வரை ஏறும். தெரியாமல் டிக் போட்டேன் என்று எழுதிக் கேட்கலாம், ஆனால் கையெழுத்து உங்களுடையது.

உண்மையாகவே இலவசம் யாருக்கு? 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், முழுநேரம் படிக்கும் 16 முதல் 18 வயதினர், 60 வயது ஆனவர்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தை பிறந்து 12 மாதம் வரை தாய்க்கும் இலவசம், ஆனால் அதற்கான 'மெட்டர்னிட்டி எக்ஸெம்ப்ஷன்' சான்று கையில் இருக்க வேண்டும். மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் நர்ஸ்) முதல் சந்திப்பிலேயே விண்ணப்பித்துக் கொடுப்பார், மறந்தால் நீங்கள் கேளுங்கள். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு 'மெடிக்கல் எக்ஸெம்ப்ஷன்' சான்று கிடைக்கும். அந்தச் சான்று இருந்தால் அந்த நோய்க்கான மருந்து மட்டுமல்ல, எல்லா மருந்துச் சீட்டும் இலவசம். நம்மவர்களில் நீரிழிவும் தைராய்டும் உள்ளவர்கள் எத்தனையோ பேர். இந்தச் சான்றைப் பற்றித் தெரியாமல் வருடக்கணக்கில் காசு கட்டியவர்களை எனக்கே தெரியும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஜி.பி. (நீங்கள் பதிவு செய்திருக்கும் குடும்ப மருத்துவர்) அலுவலகத்தில் அதற்கான படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுங்கள்.

இலவசப் பட்டியலில் நீங்கள் இல்லை, ஆனால் மாதாமாதம் மருந்து வாங்குகிறீர்கள் என்றால் முன்பணச் சான்று ஒன்று இருக்கிறது, மொத்தமாக ஒருமுறை கட்டினால் அந்தக் காலத்தில் வாங்கும் மருந்துகளுக்குத் தனியாகக் கட்ட வேண்டாம். மூன்று மாதத்துக்கு 32.05 பவுண்டு, ஒரு வருடத்துக்கு 114.50. மாதம் ஒரு மருந்து வாங்கினாலே வருடச் சான்று கொஞ்சம் லாபம், இரண்டு என்றால் பாதிப் பணம் மிச்சம். சந்தேகம் இருந்தால் அன்றைக்குப் பணத்தைக் கட்டிவிட்டு 'எஃப்.பி. 57' என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் தகுதியைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த ரசீதை அன்றைக்கே வாங்க வேண்டும், பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.

4. வீட்டில் வரும் சார்ஜுகள்

மின்சாரம், கேஸ் பில்லில் 'ஸ்டாண்டிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கும். ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும் ஒவ்வொரு நாளுக்கும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் இது. பகுதியைப் பொறுத்து மாறும், என் பில்லில் மின்சாரத்துக்கு மட்டும் நாளுக்கு 50 பென்ஸுக்கு மேல். ஊருக்கு ஒரு மாதம் போய்விட்டு வந்தாலும் பில் சுழியமாக இருக்காது, அதைப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள். முன்பணம் போட்டு ஓட்டும் மீட்டர் உள்ள வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். வெயில் காலத்தில் கேஸையே தொடாமல் இருந்திருப்பீர்கள், ஆனால் நிலைக் கட்டணம் உள்ளே கடனாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். குளிர் தொடங்கி நீங்கள் போடும் முதல் 20 பவுண்டை அது விழுங்கிவிடும். கோடையிலும் வாரம் கொஞ்சம் போட்டு வையுங்கள்.

குடி போகும் அன்றே மீட்டரைப் போட்டோ எடுங்கள், தேதி தெரியும்படி. முன்பு இருந்தவர்களின் பில் உங்கள் தலையில் விழாமல் இருக்க அந்த ஒரு போட்டோ போதும்.

வாடகை வீட்டு ஏஜென்ட் 'அட்மின் சார்ஜ்', 'ரெஃபரன்ஸ் சார்ஜ்', 'இன்வென்டரி சார்ஜ்' என்று கேட்டால் கொடுக்காதீர்கள். 2019 ஜூன் 1 முதல் இங்கிலாந்தில் வாடகைக்கு வருபவரிடம் இவற்றை வாங்குவது சட்டப்படி தடை. வாங்கக்கூடியவை சில மட்டுமே. வாடகை, வீட்டைப் பிடித்து வைக்க அதிகபட்சம் ஒரு வார வாடகை, முன்வைப்பாக (டெபாசிட்) அதிகபட்சம் ஐந்து வார வாடகை (வருட வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால்), சாவி தொலைத்தால் அதன் செலவு, இப்படி. முன்வைப்பை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் போட்டு உங்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அந்தத் தகவல் வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

அடுக்குமாடி வீட்டு விளம்பரத்தில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று பார்த்தால், அது வீட்டைச் சொந்தமாக வாங்கியவர் லிஃப்ட், மாடிப்படி, கூரை பராமரிப்புக்குக் கட்டுவது. வாடகைக்கு இருப்பவருக்குப் பொதுவாக அது வாடகையிலேயே அடங்கிவிடும். வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கடந்த மூன்று வருட சர்வீஸ் சார்ஜ் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வீட்டுப் பத்திரத்தில் 'சார்ஜ்' என்று இருந்தால் அது நம் ஊர் வில்லங்கம்தான், அந்த வீட்டின்மேல் யாருக்கோ கடன் உரிமை இருக்கிறது.

ஹோட்டலில் வரும் 'சர்வீஸ் சார்ஜ்' வேறு. லண்டனில் பல இடங்களில் 12.5 சதவீதம் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள். பக்கத்தில் 'ஆப்ஷனல்' அல்லது 'டிஸ்கிரீஷனரி' என்று இருந்தால் கட்டாயமில்லை. எடுத்துவிடச் சொல்லலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். கொடுத்தால் அந்தப் பணம் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் சட்டம் இருக்கிறது. நான் சாப்பாடு நன்றாக இருந்தால் கொடுத்துவிடுவேன். ஏற்கெனவே அது பில்லில் இருப்பதைக் கவனிக்காமல் மேலே டிப்ஸும் வைத்துவிடாதீர்கள்.

5. கார் எடுத்துக்கொண்டு லண்டன் போகும் முன்

நம் ஊர் டோல் கேட் போல இங்கே யாரும் நிறுத்திப் பணம் கேட்க மாட்டார்கள். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடும், கட்டுவது உங்கள் பொறுப்பு. கட்டச் சொல்லி முன்கூட்டியே கடிதமும் வராது. கட்டாவிட்டால் நேராக அபராதம்தான் வரும்.

'கன்ஜெஸ்ஷன் சார்ஜ்' மத்திய லண்டனுக்கு. 2026 ஜனவரி 2 முதல் நாளுக்கு 18 பவுண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 முதல் மாலை 6 வரை, சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் மதியம் 12 முதல் மாலை 6 வரை. அன்றைக்கே கட்டாமல் விட்டால் மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் 21 பவுண்டாகக் கட்டலாம். மின்சாரக் கார் என்றால் விலக்கு என்று பழைய நண்பர்கள் சொல்வார்கள், அந்த விலக்கு முடிந்துவிட்டது. இப்போது ஆட்டோ பே கணக்கு வைத்திருந்தால் தள்ளுபடி மட்டும்தான்.

'யூலெஸ் சார்ஜ்' பழைய, புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு. நாளுக்கு 12.50 பவுண்டு, கிறிஸ்துமஸ் தவிர 24 மணி நேரமும். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (நகரின் நிர்வாகப் பகுதிகள்) பொருந்தும். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய டீசல் வண்டியை வாங்கும் முன் அதன் நம்பரை லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், இதற்குக் காசு இல்லை. பொதுவாக 2006க்குப் பின் வந்த பெட்ரோல் வண்டியும் 2015 செப்டம்பருக்குப் பின் வந்த டீசல் வண்டியும் தப்பிவிடும்.

'டார்ட் சார்ஜ்' டார்ட்ஃபோர்டில் தேம்ஸைக் கடக்க. காருக்கு 3.50 பவுண்டு, காலை 6 முதல் இரவு 10 வரை. மறுநாள் நள்ளிரவு வரைதான் கெடு. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் வேலை நெருக்கடியில் இதை மறப்பவர்கள் ஏராளம். போனில் அலாரம் வையுங்கள்.

பணம் கட்டும்போது தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தைத் தட்டாதீர்கள். அதிகாரபூர்வ தளம் போலவே தோற்றம் காட்டி, மேலே தங்கள் பங்கைச் சேர்த்து வாங்கும் இடைத்தரகர் தளங்கள் இருக்கின்றன.

6. பி.சி.என். வந்தால்

இதை நிதானமாகப் படியுங்கள். பி.சி.என். என்ற அதே மூன்று எழுத்து இரண்டு வேறு காகிதங்களைக் குறிக்கும்.

முதலாவது 'பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்'. கவுன்சிலோ (உள்ளாட்சி நிர்வாகம்) லண்டன் போக்குவரத்துத் துறையோ அனுப்புவது. சட்டத்தின் பலம் உள்ள அபராதம், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே ஏறும். இரண்டாவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்'. சூப்பர் மார்க்கெட், ஆஸ்பத்திரி, ஜிம் போன்ற இடங்களின் கார் பார்க்கை நடத்தும் தனியார் நிறுவனம் அனுப்புவது. எங்கள் இடத்தின் நிபந்தனையை மீறினாய், அதற்கு இவ்வளவு கொடு என்று கேட்கும் பில் அது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் முதல் வேலை, அனுப்பியவர் யார் என்று பார்ப்பது. கவுன்சிலின் பெயரும் '2004 டிராஃபிக் மேனேஜ்மென்ட் சட்டம்' என்ற குறிப்பும் இருந்தால் முதல் வகை. கடைசியில் 'லிமிடெட்' என்று முடியும் கம்பெனிப் பெயர் இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது.

கவுன்சில் அனுப்பியது என்றால் 14 நாளுக்குள் கட்டினால் பாதி. லண்டனுக்கு வெளியே பொதுவாக 70 அல்லது 50 பவுண்டு, அதாவது 35 அல்லது 25ல் முடியும். லண்டனுக்குள் இதைவிட மிக அதிகம். தவறு உங்களுடையது இல்லை என்று நினைத்தால் பணம் கட்டாதீர்கள், கட்டினால் வழக்கு முடிந்தது என்று பொருள். 14 நாளுக்குள் எழுதி மறுப்பைத் தெரிவியுங்கள். அப்படிச் செய்தால் மறுப்பு தள்ளப்பட்டாலும் பெரும்பாலான கவுன்சில்கள் பாதித் தொகையை இன்னொரு முறை தரும். டிக்கெட் போட்டோ, பார்க்கிங் ஆப்பின் ரசீது, பலகை தெரியும்படி எடுத்த படம், நேரம் தெரியும் எதுவானாலும் இணையுங்கள். பணம் கட்டிய நேரம் முடிந்து 10 நிமிடம் வரை கவுன்சில் இடங்களில் சலுகை உண்டு, அதற்குள் போட்ட அபராதம் செல்லாது.

அடுத்து வருவது 'நோட்டீஸ் டு ஓனர்'. இதற்கு முறையாகப் பதில் தர 28 நாள். அதையும் மறுத்தால் தனியான தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. எதுவும் செய்யாமல் இருந்தால் வருவதுதான் நான் சொன்ன 'சார்ஜ் சர்ட்டிபிகேட்'. தொகை 50 சதவீதம் ஏறும், மேல்முறையீட்டு உரிமையும் போய்விடும். அதற்கும் 14 நாள்தான். பிறகு நார்த்தாம்ப்டனில் உள்ள நீதிமன்ற மையத்தில் கடனாகப் பதிவாகி, வசூல் செய்பவர்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள்.

வீடு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கடிதங்கள் எல்லாம் வண்டியின் 'லாக் புக்'கில் (நம் ஊர் ஆர்.சி. புக் போன்றது) உள்ள முகவரிக்குத்தான் போகும். புதிதாக வந்தவர்கள் முதல் இரண்டு வருடத்தில் மூன்று வீடு மாறிவிடுவார்கள். லாக் புக், ஓட்டுநர் உரிமம் இரண்டிலும் தனித்தனியாக முகவரியை மாற்றுங்கள். இணையத்தில் செய்தால் இலவசம். முந்தைய நோட்டீஸ் எதுவும் கைக்கு வரவே இல்லை என்பது உண்மையானால், கடன் பதிவு ஆணை வந்தபின் 'டி.இ. 9' என்ற படிவத்தை 21 நாளுக்குள் கொடுத்து வழக்கைப் பழைய கட்டத்துக்குத் திருப்பலாம். பொய்யாகக் கையெழுத்துப் போடக் கூடாது, அது வேறு குற்றம்.

தனியார் அனுப்பியது என்றால் பொதுவாக அதிகபட்சம் 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் குறையும். 'கண்டுக்காதீங்க' என்ற அறிவுரை இங்கேயும் தப்பு. முதலில் அந்த நிறுவனத்துக்கு 28 நாளுக்குள் மறுப்பு எழுதுங்கள். தள்ளினால், அந்த நிறுவனம் எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து 'பாப்லா' அல்லது 'ஐ.ஏ.எஸ்.' என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம், எது என்று அவர்களின் கடிதத்திலேயே இருக்கும். கேமரா வைத்துப் பிடித்த வழக்கில் வண்டியின் உரிமையாளர்மேல் பொறுப்பைச் சுமத்த வேண்டும் என்றால் கடிதம் 14 நாளுக்குள் வந்திருக்க வேண்டும், தேதியைச் சரிபாருங்கள். பல முறை மிரட்டல் கடிதம் வரலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீதிமன்றத்திலிருந்து 'கிளெய்ம் ஃபார்ம்' (உங்கள்மேல் பணம் கேட்டு வழக்குப் போட்டதற்கான படிவம்) வந்தால் அன்றைக்கே பதில் வேலையைத் தொடங்குங்கள். விட்டுவிட்டால் உங்களைக் கேட்காமலேயே தீர்ப்பாகும். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு ஆறு வருடம் உங்கள் கடன் வரலாற்றில் நிற்கும். வாடகை வீடு, போன் ஒப்பந்தம், வீட்டுக் கடன் எல்லாவற்றிலும் அது முன்னால் வந்து நிற்கும்.

'பார்க்கிங் சார்ஜ் பாக்கி இருக்கிறது, இந்த இணைப்பைத் தட்டுங்கள்' என்று வரும் குறுஞ்செய்தி மோசடி. தட்டாமல் 7726 என்ற எண்ணுக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள்.

7. வங்கி, கடை, போன்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓவர்டிராஃப்டுக்கு (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் பணம்) நாள் கணக்கில் நிலையான சார்ஜ் போட 2020 ஏப்ரல் முதல் அனுமதி இல்லை, வட்டி மட்டும்தான். ஆனால் அந்த வட்டி பல வங்கிகளில் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. கார்டில் கட்டினால் கூடுதல் சார்ஜ் என்று கடைக்காரர் கேட்டால், 2018 ஜனவரி முதல் அது தடை. இங்கே எடுத்த கார்டை ஊரில் தேய்த்தால் பல வங்கிகள் மூன்று சதவீதம் போல எடுக்கும். 0800 எண்கள் இலவசம், 03 சாதாரண எண்ணைப் போல, 084, 087 இரண்டும் விலை கூடியவை.

நமக்குச் சாதகமான ஒரு சார்ஜும் உண்டு, 'சார்ஜ்பேக்'. பணம் கட்டிய பொருள் வரவில்லை, கம்பெனி மூடிவிட்டது என்றால் வங்கியிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பொதுவாக 120 நாளுக்குள் கேட்க வேண்டும். கிரெடிட் கார்டில் வாங்கிய பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை என்றால் 'செக்ஷன் 75' என்று கேளுங்கள், அது சட்டப்படி உள்ள உரிமை. ஊருக்கு விமான டிக்கெட் எடுக்கும்போது நான் கிரெடிட் கார்டையே பயன்படுத்துவது இதற்காகத்தான்.

8. விசா படிவத்தில் கேட்கும் 'சார்ஜ்'

என் மனைவியின் விசா நீட்டிப்புப் படிவத்தில் ஏதாவது குற்றத்துக்காக 'சார்ஜ்' செய்யப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வந்தது. அவர் பெயரில் ஒரு கவுன்சில் பெனால்ட்டி சார்ஜ் கட்டியிருந்தோம். ஆமாம் என்று போடுவதா, இல்லை என்று போடுவதா என்று இரண்டு இரவு தூங்கவில்லை. பதில் இதுதான். கவுன்சிலின் பார்க்கிங் பெனால்ட்டி சிவில் அபராதம், குற்ற வழக்கு அல்ல. ஆனால் வேகமாக ஓட்டியது, காப்பீடு இல்லாமல் ஓட்டியது போன்றவை வேறு வகை, அவற்றைப் படிவம் தனியாகக் கேட்கும். ஒவ்வொரு கேள்வியையும் முழுதாகப் படியுங்கள். மறைத்ததாகத் தெரிந்தால் விசாவே போகும். சந்தேகம் என்றால் பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகரையோ வக்கீலையோ கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவை அல்ல.

போலீஸ் கைது செய்வதும் சார்ஜ் செய்வதும் ஒன்றல்ல. கைது செய்தால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் சார்ஜ் செய்ய வேண்டும் அல்லது விட வேண்டும், கடுமையான குற்றங்களில் மேலதிகாரியும் நீதிமன்றமும் நேரத்தை நீட்டிக்கலாம். சார்ஜ் செய்தால் குற்றம் என்ன என்று எழுதிய 'சார்ஜ் ஷீட்'டை உங்கள் கையிலேயே கொடுப்பார்கள். நம் ஊரில் விசாரணை முடிந்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகையை நினைத்து, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். காவல் நிலையத்தில் வக்கீல் இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். இரண்டையும் கேட்டு வாங்கிய பிறகு வாயைத் திறங்கள்.

நீதிமன்றம் 'டிஸ்சார்ஜ்' கொடுத்தது என்றாலும் கவனம். நம் ஊரில் டிஸ்சார்ஜ் என்றால் வழக்கிலிருந்தே விடுவிப்பு. இங்கே 'கண்டிஷனல் டிஸ்சார்ஜ்' என்பது குற்றம் உறுதியாகி, தண்டனை மட்டும் கொடுக்காமல் விட்டது.

9. வேலையிலும் வார்டிலும்

நர்ஸாக வருபவர்களுக்கு 'சார்ஜ் நர்ஸ்' என்பது ஒரு பதவி. 'நர்ஸ் இன் சார்ஜ்' என்பது அந்த ஷிஃப்டுக்கு மட்டும் பொறுப்பாக இருப்பவர், வரிசைப்படி அந்தப் பொறுப்பு உங்களுக்கும் வரலாம். 'சார்ஜ் ஹேண்ட் ஓவர் பண்ணிட்டேன்' என்று நாம் சொல்வது இங்கே வெறும் 'ஹேண்ட்ஓவர்'. குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் 'மை சார்ஜஸ்' என்றால் தன் பொறுப்பில் உள்ள குழந்தைகள், கட்டணம் அல்ல.

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் என்று சொன்னதும் நம் மனம் பில் கவுண்ட்டரைத் தேடும். சர்சார்ஜ் கட்டி வந்தவர்களுக்கு இங்கே அப்படி ஒரு கவுண்ட்டர் இல்லை. காலையில் போகலாம் என்று சொன்னாலும் மருந்து கீழேயிருந்து வருவதற்குள் மாலையாகிவிடும், வண்டியை முன்கூட்டியே வரச் சொல்லிப் பார்க்கிங்கில் காத்திருக்க வைக்காதீர்கள். கிளம்பும் முன் இரண்டு காகிதம் கேளுங்கள். ஒன்று, டிஸ்சார்ஜ் கடிதம். அது உங்கள் ஜி.பி.க்கும் போகும், உங்களுக்கும் ஒரு நகல் வேண்டும் என்று சொல்லுங்கள். இன்னொன்று, 'ஃபிட் நோட்' என்ற மருத்துவ விடுப்புச் சான்று. ஏழு நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாது என்றால் முதலாளி அதைக் கேட்பார். வார்டிலேயே எழுதித் தர முடியும். வாங்காமல் வந்துவிட்டால் அதற்கென்று தனியாக ஜி.பி.யில் நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டும்.